பிள்ளைகளுக்கு இணையவழிக் களப்பயணம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, லேப்டாப்பை டிவியில் இணைத்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற இடங்களைக் காட்டிக் கணக்கும் அறிவியலும் செய்ய வைக்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை கலந்து உட்காருவார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பெற்றோர், ஒன்றிரண்டு பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளை கையில் பென்சிலும் நோட்டும் இல்லையென்றால் ஒரு வித்தியாசமும் இல்லை. திரையில் வருகிற எதையாவது பிள்ளை எண்ண வேண்டும், அளக்க வேண்டும், அல்லது நேரம் குறிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அது டிவி, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கூகுள் எர்த்தைத் திறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் கார்டன் சிட்டி என்ற ஊரைத் தேடுங்கள். ஊரைச் சுற்றி வயலெல்லாம் வட்ட வட்டமாக இருக்கும். பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள், ஏதோ விண்கலம் இறங்கிய இடம் என்பார்கள். நடுவில் தண்ணீர்க் குழாய், அதிலிருந்து சக்கரம் வைத்த நீளமான இரும்புக் கை ஒன்று மெதுவாகச் சுற்றிவந்து தண்ணீர் தெளிக்கிறது, அதனால் பயிர் வட்டமாக வளர்கிறது. அளவுகோல் கருவியை எடுத்து விட்டத்தை அளக்கச் சொன்னால் பெரும்பாலான வட்டங்கள் 800 மீட்டரை ஒட்டி வரும், அதாவது அரை மைல். ஆரம் 400, பரப்பு சுமார் 5 லட்சம் சதுர மீட்டர், 50 ஹெக்டேர், நமக்குப் பழகிய அளவில் 124 ஏக்கர். அப்புறம் அந்த வட்டத்தைச் சுற்றியிருக்கிற சதுரத்தை அளக்கச் சொல்லுங்கள், 160 ஏக்கருக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியானால் நாலு மூலையிலும் தண்ணீர் போகாமல் விட்ட நிலம் எவ்வளவு? ஏறக்குறைய 35 ஏக்கர். இன்னொரு வட்டத்தை எடுங்கள், சின்னதோ பெரியதோ, சதுரத்தில் அது பிடிக்கிற இடம் 78.5 சதவீதம்தான். ஏன் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கட்டும், பை (π) மதிப்பான 3.14-ஐ நாலால் வகுத்துப் பார்க்கும் வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

வட்டத்தின் பரப்பளவு என்று பாடப்புத்தகத்தில் பத்துக் கணக்கு போட்ட பிள்ளைக்கும் இந்த ஒரு கணக்கு மறக்காது, ஏனென்றால் அந்த 400-ஐக் கொடுத்தது புத்தகம் இல்லை, அது தானே அளந்தது.

விஆர் கண்ணாடி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பள்ளிகளுக்கென்றே கூகுள் நடத்திய எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியையே 2021-ல் மூடிவிட்டார்கள், அட்டைக் கண்ணாடி விற்பனையையும் அதே ஆண்டு நிறுத்திவிட்டார்கள். அதைவிட முக்கியம், கண்ணாடி மாட்டிய பிள்ளையால் நோட்டில் ஒரு எண்கூட எழுத முடியாது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல அளவு டேப், ஸ்டாப்வாட்ச், பாகைமானி வாங்கிக் கொடுங்கள். மீதியும் இருக்கும்.

இதெல்லாம் கொரோனா காலத்தில் வந்த பழக்கம்தானே?

அப்போதுதான் நம் வீடுகளுக்கு வந்தது, ஆனால் விஷயம் பழையது. 1985-ல் கடலடியில் டைட்டானிக் கப்பலைக் கண்டுபிடித்த ராபர்ட் பல்லார்டுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதம் வந்ததாம், அடுத்த முறை எங்களையும் கூட்டிப் போங்கள் என்று. அத்தனை பேரைக் கப்பலில் ஏற்ற முடியாதே. அதனால் 1989-ல் ஜேசன் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, மத்தியதரைக் கடலின் அடியில் ரோபோ பார்ப்பதை அமெரிக்க அருங்காட்சியகங்களில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு செயற்கைக்கோள் வழியாக நேரடியாகக் காட்டினார். வீட்டுக்கு வீடு இணையம் வருவதற்கு வெகு முன்னால்.

நேரலை கேமரா போட்டால் எப்போதும் இருட்டாகவே இருக்கிறது. எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்?

அங்கே ராத்திரி என்றால் இருட்டாகத்தான் இருக்கும். நமக்கு வசதி என்னவென்றால் அமெரிக்க மேற்குக் கரையில் விடியும்போது நமக்குச் சாயங்காலம். கலிபோர்னியாவில் கோடைக்காலக் காலை 7 மணி என்பது நமக்கு இரவு 7:30. நவம்பர் முதல் மார்ச் வரை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பதால் அது 8:30 ஆகிவிடும். மான்டரே விரிகுடா மீன் காட்சியகத்தின் கேமராக்கள் நம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடிக்கிற நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்கின்றன. அலாஸ்காவில் காட்மாய் தேசியப் பூங்காவின் கரடி கேமராவுக்கு இரவு 8 மணிக்கு மேல் உட்காருங்கள், ஜூலை மாதம் என்றால் அருவியில் சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டுத் துள்ளுவதையும் கரடி வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதையும் பார்க்கலாம்.

இந்த நேர வித்தியாசத்தையே முதல் கணக்காகப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். உலக வரைபடத்தை வைத்து, தீர்க்கரேகை 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

மீனையும் கரடியையும் பார்ப்பதில் கணக்கு எங்கே வருகிறது?

நிறைய வரும். மான்டரேயின் ஜெல்லி மீன் கேமராவில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது குடையைச் சுருக்கி விரிப்பதை ஒரு நிமிடத்துக்கு எண்ணச் சொல்லுங்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டையும் எண்ணி, எது வேகமாகத் துடிக்கிறது என்று பட்டை வரைபடம் போடலாம். நாலாம் வகுப்புக்கு இது போதும்.

கடல் நீர்நாய் கேமராவில் சதவீதம் இருக்கிறது. கடல் நீர்நாய்க்குத் திமிங்கலம் போலத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் கிடையாது, குளிர்ந்த கடலில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அடர்த்தியான முடியையும் ஓயாத சாப்பாட்டையும் நம்பியிருக்கிறது. தினமும் தன் எடையில் ஏறக்குறைய 25 சதவீதம் சாப்பிடும். 32 கிலோ எடையுள்ள பிள்ளை அப்படிச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, அது எத்தனை இட்லி என்று கேட்டுப்பாருங்கள், சமையலறையிலிருந்து தராசை எடுத்துவந்து ஒரு இட்லியை நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். முடியும் அப்படித்தான்: ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை. நம் தலை முழுக்க எண்ணினாலே சுமார் ஒரு லட்சம்தான்.

கரடி கேமரா பெரிய பிள்ளைகளுக்கு. பத்து நிமிடத்தில் எத்தனை மீன் துள்ளியது என்று மூன்று பேர் தனித்தனியாக எண்ணினால் மூன்று விடை வரும். சண்டை வரும். அங்கேதான் சராசரி என்பது எதற்காக என்று புரியும். அப்புறம் அதை ஆறால் பெருக்கி ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று சொல்லலாமா, மத்தியானமும் இதே வேகத்தில் துள்ளுமா என்று கேளுங்கள். மாதிரி எடுப்பதில் இருக்கிற சிக்கல் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

எங்கள் பிள்ளை தமிழ் வழியில் படிக்கிறான். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

நான் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு நானே தமிழில் பேசுகிறேன். நேரலை கேமராவுக்கு மொழி இல்லை, வரைபடத்துக்கும் இல்லை. நீங்கள் முந்தின நாள் பத்து நிமிடம் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். கூடவே, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் பெட் (PhET) இணையதளத்தில் மின்சுற்று, பின்னம், அடர்த்தி என்று செய்து பார்க்கிற விளையாட்டுகள் இருக்கின்றன, அவற்றில் சில தமிழிலும் கிடைக்கும். அது பயணம் இல்லை, ஆனால் பார்த்துவிட்டு வந்ததைச் செய்துபார்க்க உதவும்.

விண்வெளிக்கு என்ன காட்டலாம்? கிரகப் படங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

படம் வேண்டாம், எண் காட்டுங்கள். நாசாவின் 'டிஎஸ்என் நவ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட், ஆஸ்திரேலியாவில் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் பெரிய ஆன்டெனாக்கள் இந்த நிமிடம் எந்த விண்கலத்தோடு பேசுகின்றன என்பதைக் காட்டும். பூமி சுற்றினாலும் எந்தக் கலமும் கண்ணிலிருந்து மறையக்கூடாது என்பதற்காக ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 120 பாகை தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஆன்டெனாவை அழுத்தினால் தூரம், சிக்னல் போய்வர ஆகும் நேரம், வினாடிக்கு எத்தனை பிட் என்றெல்லாம் வரும்.

வாயேஜர் 1 பேசிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் பிடியுங்கள், எல்லா நேரமும் இருக்காது. 1977-ல் கிளம்பியது, இப்போது 2,500 கோடி கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு வழிக்கே 23 மணி நேரம். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு 'ஹலோ' என்று சொன்னால் பதில் திங்கட்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு வரும். அது வழக்கமாகத் தகவல் அனுப்பும் வேகம் வினாடிக்கு 160 பிட். 200 கேபி அளவுள்ள ஒரு வாட்ஸ்அப் போட்டோவை அந்த வேகத்தில் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? கணக்குப் போடுங்கள், இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகார் இந்தக் கணக்குக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு வராது.

ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பாடம் நடக்கும்போது சந்திரயான்-3 இறங்கிய நேரலையின் பதிவை எடுங்கள். 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6:04-க்கு நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இறங்கத் தொடங்கியபோது உயரம் சுமார் 30 கிலோமீட்டர், கிடைமட்ட வேகம் வினாடிக்கு 1,680 மீட்டர். கடைசி 19 நிமிடத்தில் திரையில் உயரமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை வீடியோவை நிறுத்தி, எண்களைக் குறித்து, வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிலவைத் தொடுவதற்குச் சற்று முன்னால் 150 மீட்டர் உயரத்தில் கலம் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, இறங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டது. அந்தக் கட்டத்தில் மட்டும் நிமிடத்தைப் பத்துப் பத்து வினாடியாக உடைத்துக் குறித்தால் உயரக் கோடு படுத்துவிடுவது தெரியும். சரிவு பூஜ்யம் என்றால் என்ன என்று அதற்கப்புறம் விளக்க வேண்டியதில்லை.

ஒரே நாளில் முடிகிற மாதிரி இல்லாமல், ஒரு வாரம் தொடர்ந்து செய்ய ஏதாவது?

சூரியன். பிள்ளைகள் நேராகப் பார்க்கவே கூடாத இடம், ஆகவே திரையில்தான் போக முடியும். நாசாவின் எஸ்டிஓ விண்கலம் 2010-லிருந்து சூரியனைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறது, அன்றன்றைய படம் அதன் தளத்தில் கிடைக்கும். பல நிறத்தில் இருக்கும் படங்களில், கரும்புள்ளிகள் மட்டும் தெரிகிற வெறும் வட்டமான படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தின் குறுக்களவு 14 சென்டிமீட்டர் வருகிற மாதிரி பெரிதாக்குங்கள். சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் என்பதால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று அளவு சுலபமாக அமைந்துவிடும். பூமி அந்த அளவில் 1.3 மில்லிமீட்டர், பென்சில் முனையால் வைக்கிற புள்ளி. 3 மில்லிமீட்டர் இருக்கிற ஒரு கரும்புள்ளி இரண்டு பூமியை விழுங்கும். ஒளி ஊடுருவும் தாளைத் திரைமேல் வைத்து வட்டத்தையும் புள்ளிகளையும் வரைந்து தேதி போடுங்கள். மறுநாள் அதே தாளில் அடுத்த நிறத்தில். நாலைந்து நாளில் புள்ளிகள் இடமிருந்து வலமாக நகர்ந்திருக்கும், சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக ஏறக்குறைய ஒரு வாரம், நாலால் பெருக்கினால் 27, 28 நாள். ஓரத்துக்குப் போன புள்ளி ஏன் நசுங்கின மாதிரி தெரிகிறது என்று கேட்கிற பிள்ளை இருந்தால் ஒரு பந்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் காட்டுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் என்பதால் சில மாதங்களில் படம் காலியாகவே இருக்கும், அப்போது காத்திருக்க வேண்டியதுதான்.

1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இதே வேலையைத்தான் நூறு ஆண்டுக்கு மேலாகப் படங்களாகவும் வரைபடங்களாகவும் பதிவு செய்து வைத்திருக்கிறது. கரும்புள்ளிக்குள் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கே வைத்துத்தான்.

அருங்காட்சியகங்களின் 360 பாகைச் சுற்றுலா எப்படி?

எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. அம்புக்குறியை அழுத்தி அழுத்தி அறை அறையாகப் போவது பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். டைனோசர் எலும்புக்கூடுகள் வேண்டுமென்றால் வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், போதும்.

பள்ளியில் ஒரு வகுப்பையே கூட்டிக்கொண்டு போக ஏதாவது உண்டா?

ஜெனிவாவில் இருக்கும், அணுவுக்குள் இருக்கிற துகள்களை ஆராயும் செர்ன் (CERN) ஆய்வகம். அங்கே வேலை செய்கிற விஞ்ஞானிகளே கேமராவோடு நின்று வகுப்போடு பேசுவார்கள். கட்டணம் இல்லை, முன்பதிவு மட்டும் வேண்டும். கோடையில் அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு மத்தியானம் 1:30, பள்ளி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். உயர்நிலை, மேல்நிலை வகுப்புக்குத்தான் இது சரிப்படும், ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் ஒரு கணக்கு: பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் புரோட்டான்கள் வினாடிக்கு 11,000 முறைக்கு மேல் சுற்றுகின்றன. பெருக்கினால் என்ன வருகிறது, அந்த எண்ணை முன்பே எங்கே பார்த்தோம்?

பார்ப்பது மட்டும் இல்லாமல், இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து செய்ய முடியுமா?

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சிறந்தது இதுதான், ஒரு வீடியோ காலைத் தவிர ஒன்றும் தேவையில்லை. சென்னையில் உங்கள் பிள்ளை, கன்னியாகுமரியில் ஒரு மாமா வீட்டுப் பிள்ளை இருந்தால் இருவரும் சேர்ந்து பூமியை அளக்கலாம். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் செய்தது.

இரண்டு பேரும் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, உச்சிவேளையில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அதன் நீளத்தை அளக்க வேண்டும். உச்சிவேளை என்பது கடிகாரத்தின் 12 மணி இல்லை. சென்னை கிழக்கே இருப்பதால் அங்கே முதலில் வரும், கன்னியாகுமரிக்குச் சுமார் 11 நிமிடம் பிந்தும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஜனவரி மூன்றாம் வாரம் செய்தால் சென்னையில் 65 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 53 என்ற அளவில் வரும். குச்சியையும் நிழலையும் தாளில் பத்தில் ஒரு பங்காக வரைந்து, பாகைமானியால் உச்சிக் கோணத்தை அளந்தால் ஒன்று 33 பாகை, மற்றொன்று 28. வித்தியாசம் 5 பாகை.

இனி தூரம். ரோட்டு தூரத்தைப் போடக்கூடாது, வடக்கு-தெற்கு தூரம் மட்டும் வேண்டும். கூகுள் எர்த்தில் சென்னையிலிருந்து நேர் தெற்கே, கன்னியாகுமரியின் அட்சரேகை வரும் வரை கோடு இழுங்கள். கோடு கடலைத் தாண்டி இலங்கைக்குள் போய் அநுராதபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கும், பிள்ளைகள் தப்பாக இழுத்துவிட்டோமோ என்று பயப்படுவார்கள், சரிதான் அது. சுமார் 555 கிலோமீட்டர். 5 பாகைக்கு 555 என்றால் 360 பாகைக்கு? 39,960. உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,000.

இவ்வளவு அழகாக முதல் தடவையே வராது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு ஊரில் நிழலை ஒரு சென்டிமீட்டர் தப்பாக அளந்தாலே கோணம் 0.4 பாகை நகரும், விடை 37,000-க்கும் 43,000-க்கும் நடுவில் எங்கேயாவது விழும். குச்சி சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். அடுத்த நாள் மறுபடி அளக்கிறோம் என்று பிள்ளைகளே சொன்னால் விட்டுவிடுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தைத் தவிருங்கள், அப்போது ஒரு நாள் சென்னையில் உச்சிவேளையில் நிழலே விழாது. அந்த நாளைத் தனியாகக் கொண்டாடலாம்.

டேட்டா எவ்வளவு செலவாகும்? விளம்பரம், கண்ட கண்ட வீடியோ எல்லாம் வருகிறதே?

480பி அளவில் வைத்தால் ஒரு மணி நேர நேரலைக்கு அரை ஜிபியை ஒட்டி ஆகும், தினசரி ஒன்றரை ஜிபி பேக்கிலேயே சமாளிக்கலாம். ஆன்டெனா பக்கத்துக்கும் சூரியன் படத்துக்கும் மிகக் குறைவு. யூடியூபில் தானாக அடுத்தது ஓடுவதை அணைத்துவிடுங்கள், நேரலையின் பக்கத்தில் ஓடும் அரட்டைப் பெட்டியையும் மூடுங்கள். ரிமோட், மவுஸ் இரண்டும் பெரியவர் கையில்.

எந்த வயதுக்கு எவ்வளவு நேரம்?

ஐந்தாம் வகுப்பு வரை இருபது நிமிடம் திரை, அதற்கு மேல் இழுத்தால் நெளிவார்கள். அதற்கப்புறம் திரையை அணைத்துவிட்டு நோட்டுக் கணக்கும் கைவேலையும். பெரிய பிள்ளைகள் தாங்களே அரைமணி, முக்கால் மணி உட்காருவார்கள். ஆறு வயதுக்குக் கீழே இதெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து, வாசலில் எறும்பை எண்ணட்டும்.

அப்படியானால் நிஜமான கல்விச் சுற்றுலா தேவையில்லையா?

தேவை. ஏரிக்கரையில் நிற்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற சேற்று வாசனையும் காலில் குத்தும் முள்ளும் எந்தத் திரையிலும் வராது. பக்கத்தில் போக முடிகிற இடத்துக்கு நேரில் போங்கள், போக முடியாததற்கு மட்டும் திரை.

திரையில் பார்த்ததைக் கையால் செய்யவும் வையுங்கள். மகாராஷ்டிரத்தில் விண்கல் விழுந்து உண்டான லோனார் பள்ளத்தைக் கூகுள் எர்த்தில் அளந்தால் குறுக்களவு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர், அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பள்ளம் சுமார் 1.2. அளந்து முடித்ததும் ஒரு தட்டில் மைதா மாவைப் பரப்பி, ஒரே கோலியை 20, 40, 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடச் சொல்லி, விழுகிற குழியை ஸ்கேலால் அளக்கட்டும். உயரம் இரண்டு மடங்கானால் குழியும் இரண்டு மடங்காகிறதா? ஆகாது. ஏன் என்பதை மாவு தீரும் வரை விவாதிப்பார்கள்.

காசு கட்டிச் சேர்கிற ஆன்லைன் விர்ச்சுவல் டூர் வகுப்புகள் இருக்கின்றனவே, சேர்க்கலாமா?

சேர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வகுப்பு முடியும்போது என் பிள்ளையின் நோட்டில் என்ன எழுதியிருக்கும்? அளவு, அட்டவணை, வரைபடம் என்று பதில் வந்தால் ஒரு மாதம் சேர்த்துப் பார்க்கலாம். சான்றிதழ் தருவோம் என்று பேச்சை மாற்றினால் அந்தக் காசில் கன்னியாகுமரிக்கு டிக்கெட் போடுங்கள், போகும்போது ஒரு மீட்டர் குச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.